பொற்கூரையில் போட்ட பணம்

ஏம்மா, வீட்டுக் கடன் பத்தித்தானே இவ்வளவு நேரம் போன்ல பேசிட்டு வந்த? நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கல. நீ பேசுனது கண்டக்டருக்கே கேட்டுருக்கும். "சாங்ஷன் ஆகல, இன்னும் சாங்ஷன் ஆகல"ன்னு எத்தன தடவ சொன்ன! ஆகாமலே போகட்டும்னு வேண்டிக்க. மூஞ்சியச் சுளிக்காத. மனசுல பட்டத மறைக்கிற பழக்கம் எனக்குக் கெடயாது. மில்லுல முப்பத்தோரு வருசம் அக்கவுண்ட்ஸ் பாத்தவ நான். மேனேஜரே தப்பாக் கூட்டிருந்தாலும் "சார், தப்பு"ன்னு மொகத்துக்கு நேராச் சொல்லிருவேன். மங்கையர்க்கரசின்னா அந்த மில்லுல தெரியாத ஆள் கெடயாது.

நீ எங்க எறங்கணும்? வாடிப்பட்டியா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு. அந்தப் பைய மடியில வெச்சுக்கிட்டு இப்படித் தள்ளி உக்காரு. இந்த ஓசி பஸ்ல நானெல்லாம் ஏறுற ஆளே இல்ல. வெளாங்குடியில ஆட்டோ ஒண்ணும் வரல, அதான் ஏறிட்டேன்.

எந்தக் கம்பெனியில கடன் கேட்டுருக்க? சரி, சொல்ல வேணாம். எல்லாம் ஒரே கூட்டந்தான். பொற்கூரை ஹவுசிங் பைனான்ஸ்னு கேள்விப்பட்டுருக்கியா? பைபாஸ் ரோட்டுல ரெண்டு மாடி, வாசல்ல கண்ணாடிக் கதவு, உள்ள போனா ஏசி. டி.வி.யத் தொறந்தா அவிங்க வெளம்பரந்தான். ஒரு அப்பா, ஒரு அம்மா, ரெண்டு புள்ளைங்க, ஒரு நாய்க்குட்டி, எல்லாம் சேந்து வீட்டப் பாத்துச் சிரிப்பாங்க. கடைசியில சிரிப்பு மிஞ்சுனது அந்த நாய்க்குட்டிக்குத்தான்.

என் தங்கச்சி தமயந்தி அங்கதான் கடன் வாங்கி வீடு கட்டுனா. எனக்கு ஒம்பது வயசு எளையவ. ஒரு பிரைவேட் ஸ்கூல்ல அஞ்சாங் கிளாஸ் டீச்சர். அவ புருசன் பூமிநாதன் தண்ணி கேன் ஏஜென்சி வெச்சுருக்காரு. அவருக்கு எவன் கடன் குடுப்பான்? தங்கச்சிக்குத்தான் மாசச் சம்பளம், அதனால கடன் அவ பேர்ல. சம்பளம் பேங்குக்கு வந்ததும் தவண அது பாட்டுக்குப் போயிரும். இருபது வருசத்துக்கு.

வெளாங்குடியில பால் காய்ச்சுன அன்னைக்குப் பந்தியில உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருக்கேன். தங்கச்சி பாயசம் ஊத்த வந்தா. "ஏன்டி, இது யாரு வீடு?"ன்னு கேட்டேன்.

"நம்ம வீடுக்கா"ன்னா, பல்லெல்லாம் தெரிய.

"பத்திரம் எங்க இருக்கு?"

"பொற்கூரைல."

"பத்திரம் எவன்கிட்ட இருக்கோ அவன் வீடுடி இது. நீ இருபது வருசத்துக்கு வாட்ச்மேன். வேற எடத்துல வாட்ச்மேனுக்குச் சம்பளம் குடுப்பாங்க. இங்க நீ அவனுக்குக் குடுக்குற"ன்னேன்.

பந்தியில இருந்தவங்கெல்லாம் சிரிச்சுட்டாங்க. அவ பாயசத்த ஊத்திட்டு அடுத்த எலைக்குப் போயிட்டா. அவளுக்கு அவ்வளவுதான். சுருக்குனு ஒரு பதில் சொல்லத் தெரியாது.

எனக்குக் கடன்னாலே ஆகாதும்மா. அவரு போய்ப் பதினாறு வருசமாச்சு. புள்ள குட்டி கெடயாது. அவரு இருந்தப்பவும் சரி, போன பெறகும் சரி, எல்லிஸ் நகர்ல வாடகை வீடுதான். ரெண்டு ரூம், பால்கனி, நல்ல தண்ணி. "வீடு வாங்குறவன் முட்டாள், வாடகைக்கு இருக்குறவன்தான் சாமர்த்தியசாலி"ன்னு மில்லுல எல்லாருக்கும் பேப்பர்ல கணக்குப் போட்டே காமிச்சுருக்கேன். அத்தன பேரும் என்கிட்டத்தான் வந்து நிப்பாங்க. போனஸ் வந்தா "மங்கைக்கா, எங்க போடலாம்?" பொண்ணு கல்யாணத்துக்குச் சேத்தா "மங்கைக்கா, எங்க போடலாம்?" சாப்பாட்டு நேரத்துல என் டேபிளச் சுத்தி நாலு பேராச்சும் நிக்காத நாள் இல்ல.

ரிட்டயர் ஆனப்ப பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேந்து ஒரு தொக வந்துச்சு. தனியார் மில்லு, பென்சன்னு பேருக்குத்தான் ஏதோ வரும், மருந்துக்குப் பத்தாது. பேங்குல போய்க் கேட்டா வட்டி ஆறரைங்குறான். பொற்கூரையில ஒம்போது. மூத்த குடிமக்களுக்குன்னு அதுக்கு மேல வேற கொஞ்சம். கம்பெனிய நம்பலாமான்னு மார்க் போடுவாங்களே, அந்த ரேட்டிங்கப் பாத்தேன். டிரிபிள் ஏ. அதுக்கு மேல ஏ கெடயாது. பாக்காமப் போட நான் என்ன கிறுக்கியா?

அவிங்க ஏஜெண்ட் அனந்தகுமார்னு ஒருத்தன். வேகாத வெயில்ல டை கட்டிக்கிட்டு வருவான். ஷூவ மட்டும் பளபளன்னு வெச்சுருப்பான். "மேடம், உங்கள மாதிரி வெவரம் தெரிஞ்சவங்கதான் எங்க கம்பெனிக்குத் தூண்"னு சொன்னான். பொய் பேசுற பயதான், ஆனா அது ஒண்ணு சரியாத்தான் சொன்னான். என்னப் பாத்துத்தானே மில்லுல எட்டுப் பேரு போட்டாங்க!

அதுக்காக நான் கமிஷன் வாங்குனேன்னு நெனச்சுக்காத. ஒரு பைசா வாங்கல. ஆள் சேத்துவிட்டா ஆளுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் குடுத்தான், அவ்வளவுதான். ஹாட்பாக்ஸ் கமிஷனா? எட்டு ஹாட்பாக்ஸ வெச்சு நான் என்ன மாளிகையா கட்டிட்டேன்? ஸ்பின்னிங் மாஸ்டர் ஜெகநாதன் அதுலயும் பேராச புடிச்சவரு. "டெபாசிட்டுக்கே ஒம்போதுன்னா ஷேருக்கு எவ்வளவு ஏறும்!"னு அவிங்க ஷேரையே வாங்கிட்டாரு. நல்ல கம்பெனின்னு நான் சொன்னது வாஸ்தவம். ஷேர் வாங்குங்கன்னு சொன்னேனா? இப்ப ரோட்டுல என்னப் பாத்தா எதிர்ப்பக்கம் போயிர்றாரு. போகட்டும். கையப் புடிச்சா கையெழுத்துப் போட வெச்சேன்?

அப்புறம் ரெஜினா. மில்லு கேன்டீன்ல இருந்தவ. அவளும் என் கூடவேதான் வெளிய வந்தா. அவளுக்கு வந்ததே கொஞ்சந்தான். "மொத்தத்தயும் போடு, வட்டிய வாங்கிட்டு உக்காந்து சாப்புடு"ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவ ஒரு லட்சத்த மட்டும் போட்டா. மிச்சத்துக்கு ஒரு கிரைண்டரும் நாலு பெஞ்சும் வாங்கி வாடிப்பட்டியில இட்லிக் கடை ஆரம்பிச்சா. "உக்காந்தே இருந்தா எனக்கு முட்டி புடிச்சுக்கும்க்கா"ங்குறா. இதுக்கு என்ன சொல்றது? "பி.எஃப். காசுல மாவாட்டுன மொத ஆளு நீதான்டி"ன்னு மில்லு கேட்ல வெச்சே சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. சுரண எங்க இருக்கு?

மூணு வருசம் ராஜாத்தி மாதிரி இருந்தேம்மா. மாசம் பொறந்தா வட்டி டாண்ணு வந்துரும். அதுல வாடக, அதுல பாலு, பேப்பர், மருந்து எல்லாம். தங்கச்சி வீட்டுக்குப் போறப்ப சொல்லுவேன், "நான் குடுத்த காசத்தான்டி பொற்கூரை உனக்குக் கடனாக் குடுத்துருக்கான். நீ கட்டுற வட்டியிலதான் எனக்கு வட்டி. உன் வட்டிதான் என் வாடக"ன்னு. நெசந்தானே? என்கிட்ட ஒம்போதுக்கு வாங்குறான், அவளுக்குப் பதினொண்ணுக்கு விடுறான். நடுவுல உக்காந்து திங்குறான். அவளுக்கு இது புரியவே புரியாது. "அப்படியாக்கா"ம்பா.

பெறகு ஒரு நாள் நியூஸ்ல ஓடுச்சு. பொற்கூரை பேங்குகளுக்கும் பெரிய பெரிய பண்டுகளுக்கும் குடுக்க வேண்டிய பணத்துல தவண தவறிருச்சுன்னு. மொதல்ல நான் நம்பல. அனந்தகுமாருக்குப் போன் போட்டேன். "சும்மா வதந்தி மேடம், நம்மள அழிக்கணும்னு சதி பண்றாங்க"ன்னான். மறுபடி போட்டா சுவிட்ச் ஆஃப். அப்புறம் என்னென்னமோ வந்துச்சு. இல்லாத ஆளுக்கெல்லாம் கடன் குடுத்ததா எழுதி மொதலாளி குடும்பமே காச வெளிய கொண்டு போயிருச்சாம். டிரிபிள் ஏ போட்டானே, அவன் ராத்திரியோட ராத்திரியா ஏ எல்லாத்தையும் அழிச்சுட்டு, இனி தேறாதுன்னு "டி" போட்டான். தெனமும் பேப்பர் படிக்கிற எனக்கே கடைசியாத்தான் தெரியுதுன்னா பாத்துக்க.

நேரா பைபாஸ் ரோடு ஆபீசுக்குப் போனேன். திருவிழாக் கூட்டம். ஏசி ஓடல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு பொண்ணு உக்காந்துருக்கு. எல்லாரும் கத்துறாங்க. நான் கூட்டத்த வெலக்கிட்டுப் போயி, "என் டெபாசிட்ட முன்கூட்டியே முடிச்சுக் குடு, அபராத வட்டிய நீயே வெச்சுக்க"ன்னேன்.

"முடியாது மேடம். யாருக்கும் பணம் குடுக்கக் கூடாதுன்னு கோர்ட் ஆர்டர்"னுச்சு.

அந்த நேரம் பாத்து ஒரு பையன் கைல ரூவாயோட வந்து நிக்கிறான். அவன் கடன் வாங்குனவன். தவண கட்ட வந்துருக்கான். அவன்கிட்ட மட்டும் அந்தப் பொண்ணு கைய நீட்டி வாங்குது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"தம்பி, நில்லு. கட்டாத. இந்தத் திருடங்க கைல ஏன் குடுக்குற?"ன்னேன்.

"நான் கட்டலன்னா என் வீடு போயிரும்மா"ன்னான்.

"வாங்குறதுக்கு மட்டும் கை நீளுதோ?"ன்னு அந்தப் பொண்ணக் கேட்டேன். அது, "மேடம், கடன் வாங்குனவங்க கட்டித்தான் ஆகணும். டெபாசிட் போட்டவங்க கோர்ட் சொல்ற வரைக்கும் காத்துருக்கணும். எனக்கே ரெண்டு மாசமாச் சம்பளம் வரல"ன்னு சொல்லிட்டு அழ ஆரம்பிச்சுருச்சு. அழுதா எனக்கு என்ன? என் பணத்துக்கு அழுறதுக்கு நான் இருக்கேன். அவ அவ சம்பளத்துக்கு அழுறா.

வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல நின்னேன். யோசிக்க யோசிக்க ஆறல. கடன் குடுத்தவ நான், ரோட்டுல நிக்கிறேன். கடன் வாங்குனவ என் தங்கச்சி, அவ வீட்டுக்குள்ள காத்தாடிக்கு அடியில உக்காந்துருக்கா. இது என்ன நியாயம்? அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. இந்த யோசனை எந்த வக்கீலுக்கும் வந்துருக்காது.

அதுக்குள்ள ரெண்டு மாச வாடக நின்னுருச்சு. வீட்டு ஓனர் நல்ல மனுசன்னுதான் நெனச்சுருந்தேன். வட்டி வரலைன்னதும் தெனமும் மோட்டார் போடுற சாக்குல வந்து நின்னாரு. நான் ஒரு ஞாயித்துக் கெழம வெளாங்குடிக்குக் கெளம்பிட்டேன்.

போனா, அங்க பூமிநாதன் புதுசா ஒரு பெரிய டி.வி.ய செவுத்துல மாட்டிக்கிட்டு இருக்காரு.

"வாங்க மதினி! ஸ்வீட் எடுத்துக்கங்க. நம்ம கடன் தீந்துருச்சு"ங்குறாரு.

"எப்படித் தீந்துச்சு?"

"கம்பெனியே போச்சுல்ல? கடன் குடுத்தவனே இல்லன்னா கடன் ஏது? எங்க தெருவுல ஆறு வீடு பொற்கூரைதான். ஒருத்தனும் இப்பக் கட்டுறதில்ல. சம்பளம் வந்த அன்னைக்கே மொத்தமா எடுத்துருன்னு தமயந்திகிட்ட அப்பவே சொல்லிட்டேன். அக்கவுண்டுல காசு இருந்தாத்தானே தவண போகும்!"

தண்ணி கேன் போடுற மூள! நான் சேர இழுத்துப் போட்டு உக்காந்தேன். "இங்க பாருங்க மாப்ள. நீங்க பொற்கூரைக்குக் கடன்காரரு. பொற்கூரை எனக்குக் கடன்காரன். நடுவுல இருந்தவன் செத்துட்டான். அப்ப நீங்க யாருக்குக் கட்டணும்?"

அவரு முழிச்சாரு.

"எனக்குக் கட்டணும். மாசா மாசம் தவணைய என் கைல குடுத்துருங்க. நான் ரசீது எழுதித் தர்றேன். வட்டியில அரை சதவீதம் கொறைச்சுக்கூட எடுத்துக்கறேன். இந்த வீடு என் காசுல நிக்கிற வீடு"ன்னேன்.

"மதினி, உங்க காசு போனதுக்கு என் வீட்டுல வந்து பிச்ச எடுத்தா எப்படி?"ன்னுட்டாரு.

பிச்சைன்னாரும்மா! என்னப் பாத்து! நானும் வாயில வந்ததெல்லாம் சொன்னேன். அவரும் சொன்னாரு. பக்கத்து வீட்டு ஆளுங்க காம்பவுண்டுல வந்து நின்னுட்டாங்க. அப்பத்தான் தங்கச்சி அடுப்பாங்கரையில இருந்து வந்தா. கைல மாவு. சத்தமே இல்லாம, "நான் எடுக்கலங்க"ன்னா.

"என்னத்த எடுக்கல?"

"சம்பளத்த எடுக்கல. தவண எப்பவும் போலப் போயிக்கிட்டுத்தான் இருக்கு."

அவருக்கு வாய் தொறந்தது மூடல. "அப்ப மாசாமாசம் என்கிட்டக் குடுத்தது?"

"அது டியூஷன் காசு. சாயங்காலம் ரெண்டு பேட்ச் கூடுதலா எடுக்குறேன்ல, அது."

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். "பைத்தியக்காரி! முழுகுற கப்பலுக்கு எவளாச்சும் டிக்கெட் எடுப்பாளா? உன் அக்கா காசத் தின்னவனுக்கு நீ இன்னும் அள்ளிக் குடுத்துக்கிட்டு இருக்கியா? ஏன்டி கட்டுன?"

அவ என்ன சொன்னா தெரியுமா? "ஒரு தடவ தவண திரும்பிட்டா பேங்குல இருந்து ஸ்கூலுக்குப் போன் பண்ணுவாங்கன்னு சொன்னாங்கக்கா. ஹெச்.எம். மொகத்துல எப்படி முழிக்கிறது? எனக்குப் பயமா இருந்துச்சு."

கேட்டுக்கிட்டியா? சட்டம் தெரிஞ்சு கட்டல. யோசிச்சுக் கட்டல. பயத்துல கட்டிருக்கா. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். நாய் தூரத்துல கொலச்சாலே என் பாவாடையப் புடிச்சுக்குவா.

பூமிநாதன் அந்த டி.வி.ய மறுநாளே திருப்பிக் குடுத்துட்டாருன்னு அப்புறமாக் கேள்விப்பட்டேன்.

ஏம்மா, அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்து. சமயநல்லூர்ப் பக்கம் வந்தாலே புழுதிதான். ம்? கண்டக்டர் என்னத்தான் கேக்குறாரு. "இன்னைக்கு லேட்டுப்பா, வீட்டுல பைப்பு ரிப்பேரு." பாத்தியா, எங்க போனாலும் என்ன எல்லாருக்கும் தெரியும்.

எங்க விட்டேன்? ஆங், எல்லிஸ் நகர் வீட்டக் காலி பண்ணிட்டேன். காலி பண்ணச் சொன்னாருன்னு இல்ல. எனக்கே அந்த வீடு புடிக்காமப் போயிருச்சு. தங்கச்சி வந்து, "அக்கா, எங்க பாப்பா ஹாஸ்டலுக்குப் போயிட்டா, ரூம் சும்மாத்தான் கெடக்கு. எங்களுக்கும் ஒரு தொணையா இருக்கும்"னு கூப்பிட்டா. பாவம், பயந்தாங்கொள்ளி, தொண வேணும்ல? சரின்னு போனேன். அன்னைக்குச் சண்ட போட்டாரே பூமிநாதன், அவருதான் என் பீரோவ முதுகுல சொமந்து மாடியேத்துனாரு. கீழ்ச் செவுத்துல இடிச்சுப் பெயிண்ட உரிச்சுட்டாரு. ஒரு வேலையாச்சும் ஒழுங்காத் தெரியுமா அந்த மனுசனுக்கு?

இப்ப அங்கதான் இருக்கேன். தொணைக்கு. சாம்பார்ல பருப்புக் கம்மியாப் போடுவா, சொன்னாக் கேக்க மாட்டா. காலைல எனக்குன்னு தனியாச் சக்கர இல்லாம காப்பி போட்டுக் கொண்டாந்து வெக்கிறா. ஆறிப்போயித்தான் இருக்கும். என் காசுல நிக்கிற வீடு, அதனால எனக்குக் கூச்சம் ஒண்ணும் இல்ல.

கோர்ட்டுல அது பாட்டுக்கு ரெண்டு வருசம் இழுத்துச்சு. நான் டெபாசிட்காரங்க சங்கத்துல சேந்தேன். மெட்ராசுக்கு ரெண்டு தடவ போனேன். அங்க வந்தவங்களப் பாத்தா எல்லாம் என் வயசு. ரிட்டயர்டு வாத்தியாரு, போஸ்ட் மாஸ்டரு, நர்சு. ஒருத்தர் ஆக்சிஜன் சிலிண்டரோட வந்துருந்தாரு. மைக்கப் புடிச்சு ஆளாளுக்கு அழுதாங்க. எனக்கு அழுறவங்களக் கண்டா புடிக்காது. நான் எந்திரிச்சு, "அழுறதுன்னா வீட்டுல அழுங்க, இங்க கணக்கப் பேசுவோம்"னேன்.

கடைசியில வேற ஒரு பெரிய கம்பெனி பொற்கூரைய வாங்கிருச்சு. ஏன் வாங்குனான்? என் தங்கச்சி மாதிரி மாசாமாசம் கட்டிக்கிட்டு இருக்குற ஆயிரக்கணக்கான கேனைங்க இருக்காங்களே, அவங்களுக்காகத்தான். அந்தக் கடன்தான் அவனுக்குச் சொத்து. தங்கச்சி போனுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. இனிமே இன்ன கம்பெனி, அதே தவண, அதே வட்டி, பத்திரம் எங்ககிட்ட பத்திரமா இருக்குன்னு. அவளுக்கு ஒரு ரூவா நட்டம் இல்ல. தெருவுல தவணைய நிறுத்துன வீடுகளுக்கெல்லாம் அபராதமும் சேத்து நோட்டீஸ் வந்துச்சு. ஒரு வீட்டுக் கதவுல ஒட்டிட்டே போயிட்டாங்க. அந்த வீட்டு அம்மா கதவச் சாத்திக்கிட்டு, பகல்லகூட வெளக்குப் போட்டுக்கிட்டு உள்ளயே உக்காந்துருக்கும். பூமிநாதன் இப்பத் தெருவுல நின்னு, "நான்தான் தமயந்திகிட்ட விடாமக் கட்டுன்னு சொன்னேன்"னு பிரசங்கம் பண்றாரு. அந்த மாதிரி வெக்கங்கெட்ட மனுசன நான் பாத்ததே இல்ல.

ஷேர்காரங்களுக்குச் சைபர். ஸ்பின்னிங் மாஸ்டருக்கு அந்தக் காகிதம் கூட மிஞ்சல.

எனக்கு நூத்துக்கு முப்பதுகூட வரல. முப்பத்தோரு வருசம் ஒழச்ச காசுல முப்பதுகூட இல்ல. அந்தச் செக்க பேங்குல போட்டுட்டு, கவுண்டர்ல பேனா கட்டிருப்பாங்கல்ல, அந்தக் கயித்தப் புடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். பின்னாடி இருந்தவன் "நகருங்கம்மா"ன்னான். நகந்துட்டேன்.

ரெஜினாவுக்கு? முழுசா வந்துருச்சு! சின்னச் சின்ன டெபாசிட்டுக்கெல்லாம் மொத்தமாக் குடுத்துருங்கன்னு உத்தரவாம். மொத்தத்தயும் போட்டவ புத்திசாலி, அவளுக்கு இல்ல. நம்பாம ஒரு லட்சத்தப் போட்டவளுக்குச் சொளையா கைல குடுத்தாச்சு. நம்புனவங்களுக்கு இந்த நாட்டுல மரியாத இல்லம்மா.

அவ ஒரு நாள் வெளாங்குடி வீட்டத் தேடிக்கிட்டு வந்தா. ஒரு சீப்பு வாழப்பழத்தோட. "அக்கா, கடைல கணக்கு எழுத ஆளே இல்ல. என்னால சமாளிக்க முடியல. நீங்க வந்தாத்தான் ஆகும்"னு கெஞ்சுனா. முடியாதுன்னு சொல்லிப் பாத்தேன். விட மாட்டேங்குறா. சரி, பழகுன பொண்ணாச்சேன்னு போயிக்கிட்டு இருக்கேன். சம்பளம்னெல்லாம் நெனச்சுக்காத. மாசம் பொறந்தா ஒரு கவர்ல வெச்சுக் குடுப்பா. வேணாம்னா அவ மனசு கஷ்டப்படும். வாங்கி வெச்சுக்குவேன்.

கணக்குன்னு அங்க என்ன பெரிய கணக்கு? அரிசி, உளுந்து, கேஸு, பாலு. அத அவ கல்லாவுல நின்னுக்கிட்டே வெரல்ல கூட்டிருவா. நான் நோட்டுல கூட்டி முடிக்கிறப்ப அவ ஏற்கனவே சரியாச் சொல்லிருப்பா. அப்புறம் எதுக்கு என்னக் கூப்பிட்டாளோ! காலத்துக்கும் அவ பண்ற காரியம் எதுக்கும் அர்த்தமே இருக்காது. போனதும் தட்டுல ரெண்டு இட்லியும் மொளகுப் பொடியும் வெச்சுட்டுத்தான் மத்த பேச்சு. நெய் ஊத்தாதன்னா கேக்க மாட்டா.

நேத்து என்ன ஆச்சுன்னா, மத்தியானக் கூட்டம் எல்லாம் போயிருச்சு. பெஞ்சத் தொடச்சாச்சு. நான் நோட்ட மூடி வெக்கிறேன். அவ கையக் கழுவிட்டு, முந்தானையில தொடச்சுக்கிட்டு வந்து எதுக்க உக்காந்தா. இடுப்புல இருந்து ஒரு சுருக்குப் பைய எடுத்து மேச மேல வெச்சா.

"அக்கா, கொஞ்சம் சேந்துருக்கு. எங்க போடலாம்? நீங்க சொல்லுங்க"ன்னா.

அந்தக் கம்பெனி போன நாள்ல இருந்து என்ன ஒருத்தர்கூட அப்படிக் கேட்டதில்லம்மா. தங்கச்சி கேக்க மாட்டா. பூமிநாதன் எங்கயோ சீட்டுக் கட்டுறாரு, நான் மாடிப்படி எறங்குனாப் பேச்ச மாத்திர்றாரு. சங்கத்துல போன் பண்ணுனாக்கூட "நலமா இருக்கீங்களா"ன்னுதான் கேப்பாங்க. எங்க போடலாம்னு யாரும் கேக்கல.

எனக்கு வாய் தொறக்குது. தொறந்த வாயில ஒண்ணும் வரல. முன்னயெல்லாம் இந்தக் கேள்விக்கு ஒரு பேப்பர எடுத்தேன்னா ஆறு மாசத்துக்கு எவ்வளவு, வருசத்துக்கு எவ்வளவு, கூட்டு வட்டி எவ்வளவுன்னு அருவி மாதிரிக் கொட்டும். நேத்து எனக்குப் பேங்குப் பேருகூட ஞாபகம் வரல. அவ கையக் கட்டிக்கிட்டு என் மொகத்தயே பாத்துக்கிட்டு இருக்கா. விளையாட்டுக்குக் கேக்கல. இடிச்சுக் காட்டவும் கேக்கல. அவளுக்கு அதெல்லாம் தெரியாது. நெசமாவே கேக்குறா.

"தண்ணி குடிச்சுட்டு வர்றேன்"னு பின்னாடி போயிட்டேன். அங்க தண்ணி டிரம் இருக்கும். அதுக்குப் பக்கத்துல நின்னேன். தண்ணி குடிக்கல. "அக்கா?"ன்னு ஒரு தடவ கூப்பிட்டா. அப்புறம் கூப்பிடல. பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுச்சு.

வெளிய வந்து, "யோசிச்சுச் சொல்றேன்"னேன்.

"மெதுவாச் சொல்லுங்கக்கா, என்ன அவசரம்"னுட்டு அந்தப் பைய என் கணக்கு நோட்டு மேலயே வெச்சுட்டுப் போயிட்டா. நான்தான் கல்லாவுல வெச்சுப் பூட்டிட்டு வந்தேன்.

இன்னைக்குப் போனதும் மறுபடி கேப்பா.

வாடிப்பட்டி வந்துருச்சு போல. எந்திரி, எந்திரி, நிறுத்துன ஒடனே எடுத்துருவான் இந்த டிரைவர். இந்தா, என் கையக் கொஞ்சம் புடி, படி ஒசரமா இருக்கு. ஆங், போதும்.

ஊர்ல இத்தன பேரு இருக்கையில, போயும் போயும் என்கிட்ட வந்து கேக்குறா பாரு. கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா அவளுக்கு?